ஆப்பிள் லாரியும் நபீல் சாரும்

சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் சவரம் ஆகிவிட்டது. மறு கன்னத்தில் சோப்பு நுரை. அப்போது காசிம் பாயின் போன் வந்தது. அபுதாபி முசஃபாவில் நம் கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை காசிம் பாயை நம்மில் யாருக்குத் தெரியாது? "என்ன முத்தையா, உசுரோட இருக்கியா?" என்று சிரித்துக்கொண்டேதான் எப்போதும் பேச்சை ஆரம்பிப்பார். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"முத்தையா, நம்ம ஆப்பிள் லாரி நபீல் சார் மவுத்தாயிட்டாருப்பா. அமெரிக்காவுல. மக போன் பண்ணுச்சு."

நான் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். சலூன்காரத் தம்பி கத்தியும் கையுமாகப் பின்னால் ஓடிவந்து, "அய்யா, பாதி மொகந்தான்யா ஆயிருக்கு!" என்று கத்தினான். கடைத்தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யாராவது ஒருத்தர் கையைப் பிடித்து நிறுத்தி, நபீல் என்று ஒரு மனுஷன் இருந்தாரய்யா, என்ன மனுஷன் தெரியுமா என்று சொல்ல வேண்டும் போல உடம்பெல்லாம் பரபரத்தது. தெரியாதவனிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? அதனால் முசஃபாவில் என்னோடு இருந்த உங்களிடம் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஆனால் மறதி என்பது எனக்குக் கிடையாது; அது உங்களுக்குத் தெரியும்.

குவைத் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கராஜில் ஹெவி டிரைவராக இருந்தேன். ஒரு நாள் காலையில், உயரமாக, ஒல்லியாக, வைக்கோல் தொப்பி வைத்த ஒருவர் உள்ளே வந்தார். சட்டைப் பை நிறையப் பென்சில். மூலையில் மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்று நிற்குமே, முதலாளி அதைக் காயலான் கடைக்குப் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தாரே, நேராக அதனிடம் போனார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு குனிந்து, லாரியின் மூக்கில் கன்னத்தை வைத்தார். வெயிலில் காய்ந்த இரும்பு. தோசைக்கல் மாதிரி இருக்கும். அவர் கன்னத்தை எடுக்கவே இல்லை. பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது ஓடுமா?" என்று கேட்டார். அவர் பேசியது அரபியும் இந்தியும் கலந்த ஒரு பாஷை. எனக்கு அதெல்லாம் தமிழாகத்தான் நினைவில் இருக்கிறது.

"ஓட்டுறவன் ஓட்டுனா ஓடும்" என்றேன்.

"யாரு ஓட்டுறவன்?"

"நான்தான்."

"யல்லா, கிளம்பு!" என்று முதுகில் ஓர் அடி கொடுத்தார். சினிமா கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது அந்த ஒரு வார்த்தையில்தான்.

லீவா பக்கத்துப் பாலைவனத்தில் படப்பிடிப்பு. தினமும் லாரியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவார். ஏசி வைத்த கார் காலியாகப் பின்னால் வரும். தன் கதையை அவர் சொன்னது அந்தப் பாதையில்தான். லெபனான் மலையில் ஆப்பிள் விளைகிற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயார் அவரை அமெரிக்காவுக்கு, தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். மாமா வைத்திருந்த ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டே, வருகிறவர் போகிறவர் பேச்சையெல்லாம் காதில் வாங்கியிருக்கிறார். அந்தப் பேச்சுகளை வைத்தே டெலிவிஷன் நாடகத்துக்கு எழுதினார். பிறகு சினிமாவுக்கு எழுதினார். அவர் எழுதிய முதல் படத்தைத் திரையில் பார்த்தபோது, அவர் எழுதியதில் ஒரு கதவு திறக்கிற காட்சி மட்டும்தான் மிஞ்சியிருந்ததாம். "அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன் முத்து. கதை எழுதுறவன் கையிலேயே லாரிச் சாவியும் இருக்கணும்" என்றார். அப்படித்தான் எழுத்தாளராக இருந்தவர் தயாரிப்பாளரும் ஆனார். ஒன்றிரண்டு படம் நன்றாக ஓடியது. மூன்றாவதாகத் தன் மனதுக்குள்ளேயே வைத்திருந்த கதையைத் தூக்கிக்கொண்டு நம் பாலைவனத்துக்கு வந்துவிட்டார்.

கதை இதுதான். லெபனானிலிருந்து கல்ஃபுக்கு ஆப்பிள் ஏற்றிக்கொண்டு ஒரு டிரைவர் கிளம்புகிறார். எல்லையில் கேட்டை மூடிவிடுகிறார்கள். குளிர்பெட்டி மிஷின் நின்றுபோகிறது. அந்த ஆள் அதற்குப் பிறகு வீடு திரும்பவே இல்லை. பல வருடம் கழித்து மகன் அதே மாதிரி ஒரு மூக்கு லாரியை எடுத்துக்கொண்டு அப்பாவைத் தேடி வருகிறான். சரி, கண்டுபிடித்தானா? அங்கேதான் இடி. கடைசிப் பக்கங்களை நபீல் சார் எழுதவே இல்லை.

படத்துக்குப் பணம் போட்ட அமெரிக்கர் ஒருவர் அபுதாபி ஓட்டலில் உட்கார்ந்திருந்தார். முடிவு அவரிடம் தயாராக இருந்தது. மகன் எல்லைக் கேட்டை உடைத்துக்கொண்டு பாய வேண்டும், துப்பாக்கிச் சண்டை நடக்க வேண்டும், லாரி வெடித்து எரிய வேண்டும். கேம்பில் நாம் அவருக்கு வைத்த பேர் 'வெடி சார்'. "நான் குடுத்த கெடுவுக்குள்ள ஒன் முடிவச் சொல்லு. இல்லேன்னா என் முடிவு. ரெண்டும் வேண்டாம்னா கலாஸ், பெட்டியக் கட்டு" என்று அவர் சொல்லிவிட்டார். பெட்ரோல் பீப்பாய்கூட மணலில் வந்து இறங்கிவிட்டது. நான் தினமும் துடைத்து, எண்ணெய் போட்டு ஓட்டுகிற லாரிக்குப் பக்கத்திலேயே அந்தப் பீப்பாய்களை அடுக்கினார்கள்.

நபீல் சாருக்கு ஒரு வழக்கம். எழுதிய காட்சியை இங்கிலீஷ் தெரியாத ஆட்களிடம் வாயால் சொல்லிப் பார்த்த பிறகுதான் படம் பிடிப்பார். "பேப்பர்ல எல்லாம் அழகாத்தான் இருக்கும். வாயில வந்தாத்தான் உசிரு இருக்கா இல்லையான்னு தெரியும்" என்பார். ஒரு சாயங்காலம் நம் கேம்புக்கே வந்துவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் ஒரு வரி அரபியில் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். நம் ஆட்கள் வழக்கம் போல, "ம்" என்றார்கள். அடுத்த வரி. "ம்." அடுத்த வரி. "ம்." எல்லாரையும் விட வெல்டர் ஆறுமுகத்தின் 'உம்' தனியாக எருமை மாதிரி கேட்டது.

நபீல் சார் நிறுத்திவிட்டார். முகம் சிவந்துபோனது. "ஷூ, என்ன இது? ஏன் உறுமுறாங்க? சீக்கிரம் முடின்னு சொல்றாங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கையில் இருந்த தாளைக் கிழித்து எறிந்தார். "செத்த காட்சி! அமெரிக்காவுல மூஞ்சிக்கு நேரா பொய் சொல்வாங்க. நீங்க நல்லவங்க, மூஞ்சிக்கு நேரா உறுமுறீங்க!"

கடையிலிருந்து எட்டிப் பார்த்த காசிம் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யா உஸ்தாத், இது உறுமல் இல்லை! எங்க நாட்டுல ஒருத்தர் கதை சொன்னா கேக்குறவன் உம் கொட்டணும். உம் கொட்டலேன்னா அவன் தூங்கிட்டான்னு அர்த்தம். நீங்க கிழிச்சது ஓடுற வண்டியோட டயரை!"

அந்த மனுஷனின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். மணலில் மண்டி போட்டுக் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினார். "மறுபடியும் சொல்றேன், மறுபடியும் உறுமுங்க!" என்றார். இன்னொரு தரம் முழுவதையும் சொன்னார். அடுப்பில் நெருப்பு எரிவதைக் கவனிக்கிற மாதிரி, இப்போது உம்மையே கவனித்தார். எந்த வரியில் உம் பலமாக வருகிறது, எங்கே இழுபடுகிறது என்று பார்த்தார். ஆறுமுகம் உட்கார்ந்தபடியே தூங்குகிற ஆள். அவன் உம் நின்றால் அந்த இடத்தைப் பென்சிலால் அடித்துவிடுவார். மறுநாளிலிருந்து கேம்பில் இதே வேலை. "ஏப்பா ஆறுமுகம், நல்லா முழிச்சிரு. நீ கண்ண மூடுனா அமெரிக்காக்காரனுக்கு நட்டம்" என்று எல்லாரும் அவனை ஓட்டினார்கள். "என்னையக் கேட்டுத்தான் படமே எடுக்குறாங்கடே. மரியாதை குடுங்க" என்று அவன் பீற்றிக்கொள்வான்.

ஒரு நாள் நபீல் சார் என்னிடம் ஒன்றைக் கேட்டார். "முத்து, உம் நின்னா தூக்கம்தானா? வேற காரணமே கிடையாதா?" "தூக்கம்தான் சார்" என்று அப்போது சொல்லிவிட்டேன்.

என் கை சினிமாவில் வந்த கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஹீரோவுக்கு அந்த லாரியின் கியர் விழவில்லை. கிளட்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டிய வண்டி. அவர் ஒரு தரம் மிதிப்பார், அது கர்ரென்று கத்தும். "முகம் அவருது, கை ஒன்னுது" என்று நபீல் சார் சொல்லிவிட்டார். ஹீரோவுக்குக் கையெல்லாம் ரோமம். மேக்கப் போடுகிற அம்மா என் கையில் வெள்ளைப் பவுடர் அப்பி, பசை தடவி, ஒவ்வொரு மயிராக ஒட்டினார். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையோடு மெஸ்ஸுக்குப் போனேன். "டேய், கரடி சோறு திங்க வந்திருக்குடோய்!" என்று ஆறுமுகம் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆனால் ஸ்டியரிங்கை நான் பிடித்ததும் கேமராவுக்குப் பின்னாலிருந்து நபீல் சார், "ஆஹா! இதுதான் எங்கப்பா கை!" என்றார். வாய் தவறி வந்த வார்த்தையா, வேண்டுமென்று சொன்னதா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

எல்லைக் காட்சிக்கு நம் கேம்பிலிருந்தே ஆள் எடுத்தார்கள். லாரி டிரைவர்களாக வரிசையில் நிற்க வேண்டும். ஆப்பிள் கெட்டுப்போகும் முன் அந்த டிரைவர் எல்லாருக்கும் தூக்கிக் கொடுக்கிறார்; அவர்கள் சந்தோஷமாகக் கடித்துத் தின்கிறார்கள். எழுதியிருந்தது அவ்வளவுதான். டைரக்டராக வந்திருந்தவர் 'ஆக்ஷன்' என்றார். ஆப்பிள் கைக்குக் கை போனது. நம் ஆள் ஒருத்தன்கூடக் கடிக்கவில்லை. ஒருத்தன் சட்டைக்குள் போட்டான், ஒருத்தன் துண்டில் முடிந்தான், ஆறுமுகம் இடுப்பில் செருகினான். டைரக்டர் குதித்தார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஆப்பிள் மாயம்.

"ஈட்! ஈட்! ஏன்டா திங்க மாட்டேங்குறீங்க?" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

ஆறுமுகம் என்னைப் பார்த்தான். "அண்ணே, ரூம்ல நாலு பேரு ட்யூட்டிக்குப் போயிருக்கான். அவனை விட்டுட்டு எப்படிண்ணே கடிக்கிறது? நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன். நபீல் சார் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசினார். "கேமராவை நிறுத்தாதே! யாரும் திங்கக் கூடாது! எல்லாரும் ஒளிச்சு வை! என் பேனாவுக்கு இது தெரியாமப் போச்சே!" என்று மணலில் ஆடினார். உண்மையாகவே ஆடினார், தோளில் கை போட்டு, காலைத் தட்டி, அவர் ஊர்க் கல்யாண ஆட்டம். நாமும் சேர்ந்து ஆடினோம். அன்றைக்கு ரூமுக்கு வந்த ஆப்பிள் எல்லார் வாயிலும் இனித்தது, இல்லையா?

அந்த ஆட்டம் முடிந்து லாரியில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் நபீல் சார் வண்டியை நிறுத்தச் சொன்னார். "முத்து, முடிவு வந்திருச்சு" என்றார். அவ்வளவுதான். என்ன முடிவென்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கேம்ப் மெஸ்ஸுக்கு வெடி சாரையே அழைத்து வருவதாகச் சொன்னார்.

வந்தார்கள். தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, மெஸ்ஸில் உட்கார இடமில்லை. வெடி சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கால் மேல் கால் போட்டு. நபீல் சாருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. அன்றைக்கு அவர் தோற்றால் படமும் இல்லை, லாரியும் இல்லை. அவர் முதலில் இங்கிலீஷில் வெடி சாருக்கு ஒரு வரி சொன்னார், பிறகு அரபியில் எனக்கு. நான் தமிழில்.

"மகன் எல்லைக்கு வர்றான். அங்க ஒரு பழைய காவல்காரர். ஆப்பிள் லாரியா, ஞாபகம் இருக்குங்கறார்."

"ம்."

"குளிர் போனதும் ஒங்கப்பன் எல்லாருக்கும் குடுத்துட்டான். அப்புறம் லாரியை வித்துட்டு இங்கேயே வேலைக்கு நின்னுட்டான். ஏன்டா ஊருக்குப் போகலேன்னு கேட்டேன். சரக்கு போய்ச் சேரலை, வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு கேட்டான்."

"ம்" என்றார்கள். ஆனால் பாதிப் பேர்தான். ஆறுமுகம் பல வருடமாக ஊருக்குப் போகாதவன். அதே காரணம்தான். நான் அவன் பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

"மகன் குளிர்பெட்டி லாரியை ஒரு கேம்ப் வாசல்ல கொண்டுவந்து நிறுத்துறான். உள்ள நெறைய ஆப்பிள். ஒரு கிழவர் வெளிய வர்றார்."

சத்தம் குறைந்தது.

"அவர் மகனைப் பாக்கலை. லாரியைப் பாக்குறார். நேரா பின்னால போய்க் கதவைத் திறக்குறார். ஒரு ஆப்பிளை எடுத்துக் கன்னத்துல வச்சுப் பாக்குறார்."

ஒரு உம் இல்லை.

"'குளுந்துதான் இருக்கு'ங்கறார்."

நபீல் சார் நிறுத்திவிட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். வெடி சார் கூட்டத்தைப் பார்த்தார். உம் கதையை யாரோ அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. "தூங்கிட்டாங்க பாத்தியா?" என்று கேட்டாராம்.

நபீல் சார், "போய் ஒருத்தனை எழுப்புங்க" என்றார்.

வெடி சார் எழுந்து ஆறுமுகத்திடம் குனிந்து பார்த்தார். ஆறுமுகத்தின் கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. கொட்ட வந்த உம் தொண்டையிலேயே நின்றிருந்தது. வெடி சார் திரும்பி வந்து உட்கார்ந்தார். காலைக் கீழே போட்டார். மெதுவாகக் கேட்டார்: "அப்புறம்? கிழவர் லாரியில ஏறுறாரா?"

"கேட்டுட்டார்! அப்புறம்னு கேட்டுட்டார்!" நபீல் சார் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். மெஸ்ஸே எழுந்து கத்தியது. தட்டைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள். காசிம் பாய் கடையிலிருந்த ஜூஸ் பெட்டியை உடைத்து எல்லாருக்கும் வீசினார். வெடி சாரும் ஒன்றைப் பிடித்துக் குடித்தார். பெட்ரோல் பீப்பாய்கள் வந்த வழியே திரும்பிப் போயின. எனக்குச் சரியான பதில் கிடைத்ததும் அன்றைக்குத்தான். உம் நிற்பதற்குத் தூக்கத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு.

அடுத்த மாதம் ஆறுமுகம் ஊருக்குக் கிளம்பினான். டேப் ரெக்கார்டர் இல்லை, கம்பளி இல்லை. ஒரு ஆப்பிள் பெட்டி மட்டும். "குளுந்துதான் இருக்குண்ணே" என்று சிரித்துக்கொண்டே ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறினான்.

படம் முடிந்து நபீல் சார் கிளம்புகிற அன்று நான் கேட்டேவிட்டேன். "சார், அந்த டிரைவர் உங்கப்பாதானே? நெசமா நடந்ததா?"

"நெசமான்னு கேக்காதே முத்து. அப்புறம்னு கேளு" என்றார்.

"சரி, அப்புறம்?"

"அப்புறம் நான் அந்த லாரியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோறேன்!"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். துறைமுகத்துக்கு லாரியை ஓட்டிப்போய்க் கப்பலில் ஏற்றியதே நான்தான்.

படத்தின் கேசட் பிறகு வந்தது. காசிம் பாய் கடைப் பின்னறையில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தோம். ஸ்டியரிங் வரும்போதெல்லாம் "அந்தா முத்தையா கை! கரடிக் கை!" என்று ஒரே கூச்சல். ஆப்பிளைக் கன்னத்தில் வைக்கிற இடம் வந்தபோது கூச்சல் தானாக நின்றது. அதற்குப் பிறகும் அவர் பல படம் எழுதினார், தயாரித்தார். சிலது ஓடியது, சிலது படுத்தது. ஒவ்வொரு கேசட்டும் காசிம் பாய் கடைக்கு வந்துவிடும். போனில் நபீல் சார் புலம்புவார்: "இங்க உம் கொட்ட ஆளே இல்லை முத்து. எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குங்கறான். நல்லா இருக்குங்கறவன் கேக்கவே இல்லை. அப்புறம்னு கேக்குறவன்தான் கேட்டவன்." கடைசியில் தன் மகளுக்கே உம் கொட்டப் பழக்கிவிட்டார்.

அந்த மகளோடு போன வாரம் காசிம் பாய் போனை இணைத்துக் கொடுத்தார். மூன்று பேரும் ஒரே லைனில். மகளுக்கு அப்பா சொல்லிக்கொடுத்த அரபி. எனக்கு முசஃபா கொடுத்த அரபி. அவர் கடைசி நாட்களைச் சொல்லச் சொன்னேன். நான் ஒவ்வொரு வரிக்கும் உம் கொட்டினேன்.

எழுந்து நடக்கவே முடியாத நிலையிலும் கதை சொன்னாராம். "ம்" என்றேன். மகள் கட்டிலோரம் உட்கார்ந்து உம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். "ம்" என்றேன். ஒரு காலையில் வாசலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாராம். வாசலில்தான் நம் மூக்கு லாரி நிற்கிறதாம், இன்னும். "ம்" என்றேன். பனிக்காலமாம். லாரி மேலெல்லாம் பனியாம். சக்கர நாற்காலியிலிருந்து குனிந்து, அதன் மூக்கில் கன்னத்தை வைத்தாராம். வைத்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். எந்தச் சேதி வந்தாலும், எவ்வளவு கெட்ட சேதியானாலும், "அப்புறம்?" என்று கேட்டுவிடுவேன். கேட்டால் கதை நிற்காது. சலூனிலிருந்து ஓடிவந்த அன்றுகூட, பாதி முகச் சவரத்தோடு, காசிம் பாயிடம் அதைத்தான் கேட்டேன். ஆனால் மகள் அந்த வரியைச் சொன்னபோது என் வாயில் உம்மும் வரவில்லை, அப்புறமும் வரவில்லை.

லைனில் சத்தமே இல்லை. மகள் பயந்துவிட்டாள். "முத்து சித்தப்பா? கேக்குறீங்களா? ஹலோ?" என்றாள்.

காசிம் பாய்தான் பதில் சொன்னார்.

"கேக்குறான்மா. அதான் சத்தம் வரலை."